இருபத்தேழு வள்ளங்கள்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மூன்று கம்ப்யூட்டர், ஒரு பைண்டிங் மெஷின், நான்.
மெரூன் ரெக்சினில் தங்க எழுத்து பதித்து
நானூறு முனைவர்களை அனுப்பியாயிற்று.
பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தோற்றவன்.

ததேயுஸ் வந்தது 2004 ஆடியில்.
மிடாலத்துக்கு மேற்கே ஏதோ ஒரு கரையில்
விடியுமுன்னே போய் நின்று
வள்ளம் வள்ளமாக எண்ணி எழுதிய நோட்டு.
தாள் ஓரத்தில் உப்பு பூத்திருந்தது.
நீல மையில் 47.
எனக்கு மூன்று ராத்திரித் தூக்கம் பாக்கி.
ஏழு முந்திக்கொண்டது.

அவர் பார்க்கவில்லை. பட்டம் வாங்கி
மஸ்கட் போனவர் நோட்டுக்கும் வரவில்லை.
இரண்டாவது ஆள் கொண்டுவந்த ஏட்டிலும்
74 என்று கண்டபோது ஏதோ இடித்தது.
ஏணி போட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் அப்போது.

அதன்பின் வந்த ஏடுகளில்
கடல் ஆழியானது. மீனவர் பரதவரானார்.
கண்டறியப்பட்டது எல்லாம் அறியலாகிறது என்றானது.
சோநீவாடு என்கிற நீரோட்டத்தின் பெயருக்கு
அகராதியில் ஒன்றும் கிடைக்காமல்
ஒருவர் அந்த வரியையே வெட்டிவிட்டார்.
எண்ணுக்கு மட்டும் மாற்றுச்சொல் இல்லை.
எழுபத்துநான்கு
எழுபத்துநான்காகவே வந்தது,
ஐந்து பேரிடமும்,
‘களத்தில் நேரில் எண்ணியது’ என்ற குறிப்போடு.
மென்பொருள் ஒன்பது சதவீதம் என்றது,
ஒருவருக்குப் பன்னிரண்டு,
பரவாயில்லை போகலாம் என்றது.

உறுதிமொழிப் பக்கம் என்னிடமே தயாராக உண்டு.
இவ்வாய்வு முழுவதும் எனது சொந்த முயற்சி.
பெயரை மட்டும் மாற்றினால் போதும்.
ஒருதடவை அதையும் மறந்துவிட்டேன்.
வேறொருவர் பெயரிலிருந்த சத்தியத்துக்குக் கீழே
பச்சை மையில் கையெழுத்துப் போட்டு
சில்லறை வாங்கிக்கொண்டு போனார்.

ஷட்டர் இறக்கும் நேரத்தில் சிலநாள் நினைப்பேன்:
எந்த மரமும் தராத,
ஒரு ஆணிகூட அறையாத,
எந்த வட்டிக்காரனும் தேடி வராத
இருபத்தேழு வள்ளங்கள்
நூலகம் நூலகமாகக் கரையேறிக் கிடக்கின்றன.
ஒக்கி வந்துபோன பிறகு எழுதிய ஏட்டிலும்
அதே எழுபத்துநான்கு.
அவற்றில் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

நேற்று நல்ல மழை.
பென்டிரைவைப் பாலித்தீனில் சுற்றிக்கொண்டு
வர்ஜிலா வந்தாள்.
முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாள்.
நெறியாளர் சிவப்பில் வட்டமிட்டு
‘முந்தைய ஆறு ஆய்வுகளோடு முரண். சரிபார்க்கவும்.’

“நாலு தடவ எண்ணியாச்சு அண்ணா.
எனக்க அப்பாவுக்க வள்ளமும் அதுல ஒண்ணு.
எழுபத்துநாலு கெடக்கணும்னா
அந்தக் கரையில அவ்வளவு மணலே இல்ல.”

ஏணி போட்டேன்.
பூச்சி அரித்த அட்டை, ரப்பர் ஷீட் வாசம்.
நீல மையின் மேல் விரல் வைத்து
வெகுநேரம் குனிந்திருந்தாள்.
“இத டைப் அடிச்சது யாரு?”

மேலே ஒரு கல் லாரி
பாலத்தைத் தாண்டி முடிக்கும்வரை
எனக்கு அவகாசம் இருந்தது.
“நான்தான்.”

அவள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு
“அடிக்குறிப்புல போடணும்,
உங்களுக்க முழுப்பேரு சொல்லுங்க” என்றாள்.

கடைப் பலகையில் மகள் பேர்தான் இருக்கிறது.
கரண்ட் பில் அப்பா பேரில்.
எந்த ஏட்டின் நன்றியுரையிலும்
‘நேர்த்தியாக அச்சிட்டவர்’ என்பதற்குமேல் நான் இல்லை.

ப. ஏசுவடியான் என்று
ஆகச் சிறிய எழுத்தில் அடித்தேன்.
இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தேன்.
பிறகு நோட்டைப் பக்கத்தில் விரித்து
எண்ணைப் பார்த்தேன்.
நாலு. ஏழு.
இன்னொரு தடவை பார்த்தேன்.